எக்ஸ்பைரி தேதியில் ஆரம்பியுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். டி.ஃபார்ம் படித்தவள். சரக்கு பாதி பொள்ளாச்சி ஸ்டாக்கிஸ்டிடமிருந்தும் பாதி பாலக்காட்டிலிருந்தும் வருகிறது. இப்போது வைத்திருக்கும் பில்லிங் சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறேன். கேட்கிற மாற்றம் எதுவும் வருவதில்லை. ஓய்வு நேரத்தில் பைத்தான் ஓரளவு கற்றுக்கொண்டேன். கட்டற்ற திறமூல மென்பொருள் ஒன்றுக்குப் பங்களித்து, அதையே கடையிலும் ஓட்டலாம் என்று ஆசை. ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் எச்சரிக்கும் பகுதியை எழுதலாமா? எங்கே தொடங்குவது? என் ஆங்கிலமும் சுமார்தான்.

பதில்: மருந்துக்கு மருந்து எச்சரிக்கையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் கோடு (நிரல்) எழுதுவது சுலபம், தகவலைத் திரட்டுவதுதான் கஷ்டம். எந்த இரண்டு மருந்து எந்த அளவில் மோதும் என்ற பட்டியலை வல்லுநர்கள் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பட்டியல்கள் பெரும்பாலும் விலைக்கு விற்கப்படுபவை, அவற்றைத் திறமூலத்துக்குள் கொட்ட உரிமை கிடையாது. அரைகுறைப் பட்டியலை வைத்து ஓட்டினால் பத்து பில்லுக்கு எட்டில் மணி அடிக்கும். அப்புறம் கவுன்டரில் நிற்பவர் படிக்காமலே ‘ஓகே’ அமுக்கப் பழகிவிடுவார். அப்படிப் பழகிய பிறகு வரும் உண்மையான எச்சரிக்கையும் வீண்தான்.

உங்கள் கையில் இருப்பது வேறு சரக்கு. மருந்துக்கடையில் எது தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். புரோகிராமர்கள் பலருக்கு அது தெரியாது. மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பதோ, சில மருந்துகளின் விற்பனையைத் தனியாகப் பதியும் ஹெச்1 ரெஜிஸ்டரோ, பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமோ அவர்கள் பார்த்தே இராத விஷயங்களாக இருக்கும். அந்த விதிகளை எண்ணோடு எழுதி, சோதனையாக (மென்பொருள் சரியாக நடக்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரலாக) மாற்றிக் கொடுப்பதுதான் உங்களால் ஆகக்கூடிய பெரிய பங்களிப்பு.

முதலில் எந்த மென்பொருள் என்று பார்ப்போம். பாம்னி, ஓபன்எம்ஆர்எஸ் இரண்டும் மருத்துவமனைக்கானவை. பாம்னியில் மருந்துக் கையிருப்பும் பில்லும் ஓடூ என்ற கணக்கு, சரக்கு மென்பொருள் வழியாக நடக்கும். கேரளத்தில் 2020 கொரோனா காலத்தில் பிறந்த ‘கேர்’ பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவிலும், திரைப் பக்கத்துக்கு ரியாக்டிலும் எழுதப்பட்டது. பைத்தான் தெரிந்தவருக்கு நல்ல இடம், ஆனால் அதன் மையம் நோயாளி சிகிச்சை. ஓபன்பாக்ஸஸும் ஓபன் எம்சப்ளையும் கிடங்கு விநியோகத்துக்கானவை. பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டி, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாரியாகச் சரக்கு பார்க்கிற சில்லறைக் கடைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் பொருந்தும். மும்பை ஃப்ராப்பே நிறுவனத்துடையது, பைத்தானில் எழுதியது, யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் 3 உரிமம். இந்திய வரி வேலைகளுக்கு ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்று தனி ஆப் இருக்கிறது. மருந்துக்கடைக்கென்று நீங்கள் சேர்ப்பதையும் அதேபோலத் தனி ஆப்பாக எழுதுங்கள். மூலக் கோடில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் முட்டிக்கொள்ளும். உலகம் முழுதும் எல்லாக் கடைக்கும் பொருந்தும் பிழைத்திருத்தம் மட்டும் மூலத்துக்குப் போகட்டும். இந்திய மருந்துச் சட்டத்தின்படியான நடைமுறை உங்கள் ஆப்பில் இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தாலும் உரிமக் கோப்பு இருக்கிறதா, போன மாதம் யாராவது கோடு சேர்த்திருக்கிறார்களா, வெளியாட்கள் அனுப்பிய திருத்தங்களுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பத்து நிமிஷம் பாருங்கள். பதில் வராத இடத்தில் உழைக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் ‘08/2026’ என்று எக்ஸ்பைரி இருந்தால் அந்த மருந்து என்றுவரை செல்லும்? மருந்து விதிகளின்படி அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் தரவுத்தளத்தின் தேதிப் புலத்துக்கு நாள், மாதம், வருஷம் மூன்றும் வேண்டும். கோடு எழுதியவர் நாளை 1 என்று நிரப்பிவிடுவார். ஆகஸ்ட் 2ஆம் தேதி மென்பொருள் நல்ல சரக்கை ‘காலாவதி’ என்று நிறுத்திவிடும். முப்பது நாள் சரக்கு அலமாரியில் முடங்கும், அல்லது ஊழியர் தேதியைத் திருத்தி விற்கப் பழகுவார். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. தேதியைத் திருத்தும் பழக்கம் வந்துவிட்டால் நிஜமாகவே காலாவதியான அட்டையும் ஒருநாள் அதே வழியில் போகும். இன்னொரு தவறும் உண்டு: தயாரித்த தேதியோடு ‘ஆயுள் 730 நாள்’ என்று கூட்டி எக்ஸ்பைரியைத் தானே கணக்கிடும் வசதி. 2024 செப்டம்பர் 1 என்று போட்டால் 2026 செப்டம்பர் 1 என்று வரும். அட்டையில் இருப்பதோ ஆகஸ்ட். மருந்துக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு, அச்சடித்ததையே பதிய வேண்டும்.

இதற்கான திருத்தம் நாலைந்து வரிதான். மாதமும் வருஷமும் வாங்கி, பைத்தானின் கேலண்டர் மாட்யூலில் உள்ள மந்த்ரேஞ்ச் மூலம் கடைசி நாளைக் கண்டு சேமித்தால் போதும். கூடவே எழுத வேண்டிய சோதனைகள்தான் முக்கியம்: 02/2027 கொடுத்தால் 28, 02/2028 கொடுத்தால் 29, 12/2026 கொடுத்தால் 31. கடைசி நாள் அன்று விற்க விட வேண்டும், மறுநாள் தடுக்க வேண்டும். ‘08/26’ என்று இரண்டு இலக்கம் தட்டினாலும் 2026 என்றே எடுக்க வேண்டும். சதுரப் புள்ளிக் குறியான டேட்டாமேட்ரிக்ஸ் கோடை ஸ்கேன் செய்தால், ஜிஎஸ்1 என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தேதி வருஷம், மாதம், நாள் என ஆறு இலக்கமாக வரும். நாள் இடத்தில் ‘00’ இருந்தால் அதுவும் மாதக் கடைசியையே குறிக்கும். ‘00’ஐத் தேதியாக மாற்றப் போய்ப் பிழை அடித்து நிற்கும் மென்பொருளைப் பார்த்தால், உங்கள் முதல் திருத்தம் தயார்.

இரண்டாவது இடம், அட்டையை வெட்டிக் கொடுப்பது. 15 மாத்திரை அட்டையின் எம்ஆர்பி 32.50 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மாத்திரை 2.1666 ரூபாய். மென்பொருள் அதை 2.17 ஆக்கிச் சேமித்தால், ஒவ்வொன்றாக விற்று முடிக்கும்போது 32.55 வசூலாகியிருக்கும். ஐந்து பைசாதானே என்று விடமுடியாது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, சில்லறையாகக் கொடுக்கும் மருந்துக்கு அட்டை விலையின் விகிதத்தை மீறி வாங்கக்கூடாது என்கிறது. ஆகவே மாத்திரை விலையைச் சேமிக்கவே வேண்டாம். அட்டை எம்ஆர்பியை வைத்துக்கொண்டு, பில் வரியில் எம்ஆர்பியை எண்ணிக்கையால் பெருக்கி 15ஆல் வகுத்து, பைசாவைக் கீழ்நோக்கி முழுதாக்குங்கள். 7 மாத்திரைக்கு 15.16, மீதி 8க்கு 17.33, சேர்த்து 32.49. எப்படி வெட்டினாலும் 32.50ஐத் தாண்டாது என்பதே சோதனை. கணக்கு பைத்தானின் டெசிமல் வகையில் நடக்க வேண்டும். பின்னத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட்டில் செய்தால் எங்காவது ஒரு பைசா கசியும்.

சரக்கு எண்ணிக்கையும் இதே கதைதான். 5 மாத்திரையை ‘0.33 அட்டை’ என்று மூன்று தடவை கழித்தால் கையிருப்பு 0.01 அட்டை என்று காட்டும், தேடினால் அலமாரியில் ஒன்றும் இருக்காது. அடிப்படை அலகு மாத்திரையாக இருக்கட்டும், வாங்கும் அலகு அட்டை, மாற்று விகிதம் 15. ஈஆர்பிநெக்ஸ்டில் அலகுக்கு ‘முழு எண் மட்டும்’ என்ற குறி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். ஒரு தடவை சரக்கு வரவு பதிந்த பிறகு அடிப்படை அலகை மாற்ற விடாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அட்டை என்று ஆரம்பித்துவிட்டு ரெண்டு மாதம் கழித்து விழிப்பவர்கள் எல்லா மருந்தையும் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும். கம்பெனி 10 மாத்திரை அட்டையை 15 ஆக்கினால் அதைப் புது ஐட்டமாகவே பதியுங்கள்.

பேட்ச் விஷயத்தில் பொது மென்பொருள்கள் தடுமாறும். இரண்டு கம்பெனி ஒரே பேட்ச் எண்ணைப் போடுவது சாதாரணம். ஈஆர்பிநெக்ஸ்டில் பேட்ச் எண்ணே அந்தப் பதிவின் பெயராக இருப்பதால் இரண்டாவது மருந்தைப் பதியும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தடுக்கும். ஐட்டம் கோடை முன்னால் ஒட்டிப் பெயர் வைத்து, அட்டையில் உள்ள எண்ணைத் தனிப் புலத்தில் வைத்து, பில்லில் அந்தத் தனிப் புலத்தையே அச்சிடுவது வழி. எந்தப் பேட்ச் முதலில் போக வேண்டும் என்பதற்கு, ஸ்டாக் செட்டிங்ஸில் எக்ஸ்பைரி வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் வந்தது முதலில் என்பது மருந்துக்குச் சரிவராது.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது; சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. அலமாரியில் இருந்த அட்டையில் 112 ரூபாய் என்று அச்சடித்திருக்கும். கம்பெனியின் புது விலைப் பட்டியலில் 105. பட்டியல், அட்டை இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. அதனால் அச்சடித்த எம்ஆர்பி ஒரு புலம், விற்பனை உச்ச விலை இன்னொரு புலம், பில் போடும்போது இரண்டில் சிறியது. வரி விகிதம் கோடுக்குள் எழுதப்படாமல், எந்தத் தேதி முதல் எவ்வளவு என்ற அட்டவணையில் இருக்க வேண்டும். செப்டம்பர் 20இல் 112க்கு விற்ற அட்டை 25ஆம் தேதி திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டு (திருப்பிக் கொடுக்கும் தொகைக்கான சீட்டு) 112க்கு, 12 சதவீத வரியோடு போக வேண்டும். இன்றைய விகிதத்தை எடுத்து 105க்குப் போடுகிற மென்பொருளில் கணக்கு இடிக்கும். இதை ஒரு சோதனையாக எழுதிக் கொடுத்தால் அடுத்த வரி மாற்றத்தில் பல கடைகள் தப்பிக்கும்.

ஸ்கீம் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 22 ரூபாய் அட்டை பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் அடக்கவிலை 220ஐப் பதினொன்றால் வகுத்து 20. ஸ்டாக்கிஸ்ட் அனுப்பும் சிஎஸ்வி கோப்பில் இலவச எண்ணிக்கை தனிப் பத்தியில் வரும். இறக்குமதி செய்யும் நிரல் அதைக் கண்டுகொள்ளாவிட்டால் சரக்கில் ஒரு அட்டை குறைந்தே நிற்கும். உங்கள் இரண்டு ஸ்டாக்கிஸ்டின் கோப்பு வடிவங்களையும் படிக்கும் சின்ன நிரல் எழுதினாலே அக்கம்பக்கக் கடைகள் எல்லாம் கேட்டு வாங்கும்.

எல்லைக் கடை என்பதால் உங்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. வாங்கும் பக்கம் எளிது: ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கினால் தமிழ்நாடு, மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 5 சதவீதம்; 32இல் தொடங்கினால் கேரளா, மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. விற்கும் பக்கம்தான் சிக்கல். மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தில் நோயாளியின் பெயரும் முகவரியும் பதிய வேண்டும் என்கிறது மருந்து விதி. கோபாலபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டி வரும் வாடிக்கையாளருக்குத் தமிழ்நாட்டு முகவரி. 2023 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள ஐஜிஎஸ்டி திருத்தத்தின்படி, பதிவு பெறாத வாடிக்கையாளரின் முகவரி இன்வாய்ஸில் இருந்தால் அந்த மாநிலமே விநியோக இடம் (எந்த வரி என்பதைத் தீர்மானிக்கும் இடம்). முகவரி இல்லையென்றால் கடை இருக்கும் இடம். மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே முகவரி இருப்பதாகக் கொள்ளப்படும். நோயாளி முகவரியையே பில்லிங் முகவரியாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், கவுன்டரில் கை மாறிய மருந்துக்கு ஐஜிஎஸ்டி போட்டுவிடும். நோயாளி முகவரிக்கும் இன்வாய்ஸ் முகவரிக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள். அச்சில் எது வர வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உள்மாவட்டத்தில் உட்கார்ந்து கோடு எழுதுபவருக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படவே படாது.

சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கு ஹெச் பட்டியல்; அதைவிடக் கடுமையான ஹெச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கான தனி ரெஜிஸ்டரில் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை இருக்க வேண்டும். மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ‘ஆன்டிபயாடிக் என்றால் ஹெச்1’ என்று ஒரு வரியில் கோடு எழுதிவிடுவார்கள். அது தப்பு. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் ஹெச்1. அமாக்ஸிசிலின், அஸித்ரோமைசின் ஹெச். ஆன்டிபயாடிக்கே அல்லாத டிரமடால், அல்பிரசோலம், ஸோல்பிடெம் ஹெச்1இல் இருக்கின்றன. குறியை பிராண்டுக்கு ஒட்டாமல் மூலக்கூறுக்கு ஒட்டுங்கள். கூட்டு மருந்தில் ஒன்று ஹெச்1 என்றாலும் பதிவில் விழ வேண்டும். சீட்டு விவரம் இல்லாமல் பில் முடியக்கூடாது. ரிட்டர்ன் வந்தால் பழைய வரியை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட வேண்டும். கேரளத்தில் 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ தொடங்கியதிலிருந்து சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைத் தீவிரமாகப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே ஹெச் பட்டியல் ஆன்டிபயாடிக்குக்கும் சீட்டு விவரம் கேட்கும் விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது.

மருந்துப் பெயர்ப் பட்டியலுக்கு இப்போதைய சாஃப்ட்வேரிலிருந்து ஏற்றுமதி செய்து போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், அது அவர்கள் சொத்து. புனே சி-டாக்கில் இயங்கும், மருத்துவப் பதிவுத் தரநிலைகளுக்கான மையமான என்ஆர்சிஇஎஸ் வெளியிடும் ‘இந்தியப் பொது மருந்துக் குறியீடுகள்’ தொகுப்பைப் பாருங்கள்.

இதையெல்லாம் எப்படி அனுப்புவது? கோடுக்கு முன் ஒரு பிழை அறிக்கை. நான்கு விஷயம் போதும்: எந்தப் பதிப்பு, என்ன பதிந்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது. ‘எக்ஸ்பைரி சரியாக வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘பதிப்பு 15. எக்ஸ்பைரி 08/2026 உள்ள பேட்சை இறக்குமதி செய்தேன். 31.08.2026 என்று சேமிக்க வேண்டும். 01.08.2026 என்று சேமித்தது. 02.08.2026 தேதியிட்ட பில்லைத் தடுக்கிறது’ என்று எழுதினால் ஒரே வாசிப்பில் புரியும். இதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்று நீங்களே பாருங்கள். சட்டம் சம்பந்தப்பட்டதென்றால் விதி எண்ணைக் குறிப்பிடுங்கள், வெளிநாட்டுக்காரர் ‘இது உங்கள் கடை வழக்கம்’ என்று தள்ள முடியாது. ஸ்கிரீன்ஷாட்டில் நிஜ நோயாளி பெயர், ஃபோன் நம்பர், சீட்டுப் படம் எதுவும் இருக்கக்கூடாது. பொதுவெளியில் போட்டதை அழித்தாலும் எங்கோ நகல் நிற்கும். பொய்ப் பெயரில் பத்து நோயாளி, இருபது மருந்து கொண்ட மாதிரித் தரவை முதல் நாளே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை ‘ஆம், பிழைதான்’ என்று யாராவது ஏற்ற பிறகு கோடு. மூலத்தின் சொந்த நகலை (ஃபோர்க்) எடுத்து, டாக்கர் என்ற தனிச் சூழலில் ஓடவிட்டு, தனிக் கிளையில் முதலில் தோற்கும் சோதனையை எழுதி, பிறகு திருத்தி, அது ஜெயிப்பதைப் பார்த்து அனுப்புங்கள். ஈஆர்பிநெக்ஸ்டில் ‘டெவலப்’ கிளைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கிருந்து பழைய பதிப்புகளுக்குத் திருத்தத்தை அவர்களே எடுத்துப் போவார்கள். ஒரு இணைப்புக் கோரிக்கையில் (புல் ரெக்வெஸ்ட்) ஒரே திருத்தம். போகிற போக்கில் இன்னொரு கோப்பில் இடைவெளியைச் சரிசெய்தால்கூடப் பரிசீலிப்பவருக்கு எரிச்சல் வரும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு வரி நினைவூட்டலாம். அதற்கு முன் தட்ட வேண்டாம்.

தமிழிலும் மலையாளத்திலும் ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று மருந்து சாப்பிடும் முறைச் சீட்டு அச்சிட விரும்புவீர்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் அடைப்புக்குள் இருக்கும் எண்களை அப்படியே விடுங்கள், அங்கேதான் பெயரும் அளவும் வந்து உட்காரும். தெர்மல் பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்பினால் அதில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கேள்விக்குறியாக வரும். படமாக்கி அனுப்ப வேண்டும்: 80 மி.மீ. தாளுக்கு 576 புள்ளி அகலம், 58 மி.மீ.க்கு 384. படமாக்கும் நிரல் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பியைப் பயன்படுத்தாவிட்டால் ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நிற்கும். மாத்திரைச் சீட்டில் அப்படி வந்தால் வயதானவர்கள் படிக்கத் திணறுவார்கள். ‘கொ’, ‘கை’, ‘ஸ்ரீ’ மூன்றும் உள்ள ஒரு வரியை அச்சிட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

கடையில் ஓட்டுவது பற்றி: எழுதிக்கொண்டிருக்கும் பதிப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் போடவே கூடாது. வெளியிடப்பட்ட நிலையான பதிப்பை வேறு கம்ப்யூட்டரில் நிறுவி, பழைய சாஃப்ட்வேரில் போட்ட பில்களை இரவில் இதிலும் போட்டுப் பாருங்கள். ஒரு முழு ஜிஎஸ்டி மாதம் இரண்டின் வரித் தொகையும் சரக்கும் ஒத்துப்போன பிறகு மாறலாம். பில் எண் இடையில் விடாமல் வரிசையாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு கவுன்டர் இருந்து நெட் அடிக்கடி போகுமென்றால் கவுன்டருக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எடுக்கும் பேக்கப்பை வாரம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். மாறுவதற்கு ஏப்ரல் 1 வசதியான நாள்: பில் வரிசை எப்படியும் புதிதாகத் தொடங்கும், வருஷக் கடைசிக் கையிருப்புக் கணக்கையும் எப்படியும் எடுத்திருப்பீர்கள்.